எழுத்து எங்கே காத்துக் கிடக்கிறது? மெய்நிகர் சர்வரில் டிஸ்க் தாமதத்தைக் கண்டுபிடிக்கும் வழி

திருப்பூரில் சனிக்கிழமை கூலி நாள். நான் சர்வர் பராமரிக்கும் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து, அப்படியொரு சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு அழைப்பு வந்தது. பேசியவர் அங்கே முப்பது வருடமாகக் கணக்கு எழுதும் பெரியவர். "தம்பி, ஒரு ஆளுக்குச் சீட்டு போட்டு அடுத்த ஆளுக்குப் போக ஆறு நொடி ஆகிறது. வெளியே நானூறு பேர் நிற்கிறார்கள்" என்றார். நானூறு பேருக்கு ஆறு நொடி வீதம் கணக்குப் போட்டால் நாற்பது நிமிடம். வாரம் முழுவதும் தைத்தவர்கள் அந்த நாற்பது நிமிடத்தையும் வரிசையில் நின்று கழிக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த நிறுவனம் சும்மா இருக்கவில்லை. மென்பொருள் கொடுத்தவர் "நினைவகம் போதாது" என்றதும் மெய்நிகர் இயந்திரத்தின் (ஒரே சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மென்பொருள் கணினியின்) நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினார்கள். பிறகு சிபியு கோர்களைக் கூட்டினார்கள். ஆறு நொடி ஆறு நொடியாகவே நின்றது. டிஸ்க் மெதுவாக இருக்கும் சர்வர்களில் நான் மறுபடியும் மறுபடியும் பார்ப்பது இதைத்தான்: யாரும் அளப்பதில்லை, எல்லோரும் மாற்றுகிறார்கள். மெய்நிகர் சர்வரில் ஒரு எழுத்து, அதாவது டிஸ்கில் எழுதச் சொல்லும் ஒரு கோரிக்கை, தகட்டைத் தொடுவதற்குள் ஆறேழு அடுக்குகளைக் கடக்கிறது. எந்த அடுக்கில் காத்துக் கிடக்கிறது என்று தெரியும்வரை எதையும் தொடக்கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை, அன்றைக்கு நான் போன வரிசையிலேயே எழுதுகிறேன். அங்கே இருந்தது பிராக்ஸ்மாக்ஸ் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) நிறுவிய ஒரே ஒரு சர்வர். உள்ளே ஆறு மெய்நிகர் இயந்திரங்கள். கீழே 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு 10 (பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து, தரவை இரட்டையாக வைக்கும் முறை) அமைப்பில், ஒரு ரெய்டு கார்டின் பின்னால்.

முதலில் கேட்க வேண்டியது, இது டிஸ்க்தானா என்பது. புகார் வந்த மெய்நிகர் இயந்திரத்துக்குள் நுழைந்து, விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு நொடி இடைவெளியில் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். புகார் வரும் நேரத்திலேயே ஓடவிட வேண்டும். காலை பத்து மணிக்குச் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். அது காட்டும் அட்டவணையில் 'பி' என்ற நிரலில் எண் தொடர்ந்து நின்றால் அத்தனை செயல்முறைகள், பெரும்பாலும் டிஸ்க் பதிலுக்காக, உறைந்து நிற்கின்றன என்று பொருள். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு நிரல்களிலும் எண் ஓடினால் நினைவகம் போதாமல் ஸ்வாப்புக்கு (நினைவகத்துக்குப் பதிலாக டிஸ்கில் ஒதுக்கிய இடத்துக்கு) போய்வருகிறது. அங்கே நோய் நினைவகத்தில், டிஸ்க் அடி வாங்குகிறது, அவ்வளவுதான். 'எஸ்டி' நிரல் உயர்ந்தால் ஹோஸ்ட், அதாவது இயந்திரங்களைத் தாங்கும் உண்மையான சர்வர், உங்களுக்கு சிபியு தராமல் இழுத்தடிக்கிறது. அதுவும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டிஸ்க் தாமதம் போலவே தெரியும்.

'டபிள்யூஏ' என்ற நிரலைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது சிபியு வேறு வேலை இல்லாமல் டிஸ்குக்காகக் காத்திருந்த நேரத்தை மட்டுமே சொல்கிறது. அதே சிபியுவில் வேறு கணக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தால், டிஸ்க் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த எண் சிறியதாகத் தெரியும். அது பெரியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்; சிறியதாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். லினக்ஸ் கர்னல் 4.20 முதல் இதைவிட நேர்மையான அளவு ஒன்று இருக்கிறது. ப்ராக் கோப்பகத்தின் கீழ் பிரஷர் என்ற கோப்புறையில் ஐஓ என்ற கோப்பைத் திறந்தால், கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் வேலைகள் டிஸ்குக்காகத் தடைபட்டன என்று அதுவே சொல்லிவிடும். சில விநியோகங்களில் இதைத் துவக்க அளவுருவில் இயக்கிவிட வேண்டியிருக்கும். அன்று திருப்பூரில் அந்தக் கோப்பு 60 சதவீதத்துக்கு மேல் காட்டியது. டிஸ்க்தான் என்பது உறுதியானது.

அடுத்தது ஐஓஸ்டாட். இது சிஸ்ஸ்டாட் தொகுப்போடு வரும். 'எக்ஸ்' விருப்பத்தோடு ஒரு நொடி இடைவெளியில் ஓடவிடுங்கள். முதலில் வரும் தொகுதி சர்வர் துவங்கிய நாளிலிருந்து கணக்கிட்ட சராசரி. அதை அப்படியே தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து பாருங்கள். நான் கண் வைப்பது வாசிப்புக் காத்திருப்பு, எழுத்துக் காத்திருப்பு என்ற இரண்டு நிரல்கள்தான். ஆர் அவெயிட், டபிள்யூ அவெயிட் என்று தலைப்பிட்டிருக்கும். ஒரு கோரிக்கை கொடுத்ததிலிருந்து முடிந்தது வரை சராசரியாக எத்தனை மில்லிநொடி என்பது அதில் இருக்கிறது. புதிய பதிப்புகளில் எஃப் அவெயிட் என்றொரு நிரலும் உண்டு. அது 'கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை நிரந்தர இடத்தில் இறக்கு' என்ற கட்டளைக்கு ஆன நேரம். தரவுத்தள சர்வர்களில் பல நேரம் குற்றவாளி அங்கேதான் சிக்கும்.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தகடு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். தேவையான இடம் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி. தலை நகர்ந்துபோக இன்னும் எட்டு மில்லிநொடி அளவு. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமான ஒரு கோரிக்கைக்குப் பன்னிரண்டு மில்லிநொடி. நொடிக்கு எண்பது கோரிக்கை. எவ்வளவு விலை கொடுத்தாலும் சுழலும் தகடு இந்த இயற்பியலைத் தாண்டாது. சாட்டா எஸ்எஸ்டி என்றால் ஒரு மில்லிநொடிக்குள் முடிய வேண்டும்; என்விஎம்இ என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில். எனவே 12 என்ற எண் ஹார்ட் டிஸ்கில் ஆரோக்கியம், என்விஎம்இயில் நோய்.

கடைசியில் இருக்கும் 'யூட்டில்' என்ற சதவீத நிரலை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒற்றை ஹார்ட் டிஸ்கில் 100 என்றால் நிரம்பிவிட்டது என்று சொல்லலாம். ரெய்டிலும் எஸ்எஸ்டியிலும் ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் நடக்கும். அங்கே 100 என்பதற்கு 'எப்போதும் ஏதோ ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்தது' என்பதற்கு மேல் பொருளில்லை.

இதைவிடப் பயனுள்ளது இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்ப்பது. நொடிக்கு எத்தனை கோரிக்கை, ஒன்றுக்கு எவ்வளவு காத்திருப்பு. கோரிக்கைகளும் அதிகம், காத்திருப்பும் அதிகம் என்றால் யாரோ டிஸ்கின் தகுதிக்கு மேல் கேட்கிறார்கள். அந்த யாரோவைத் தேடுங்கள், ஐஓடாப் கட்டளை பெயரைச் சொல்லும். கோரிக்கைகள் குறைவு, காத்திருப்பு மட்டும் அதிகம் என்றால் கேட்பவர் மேல் தவறில்லை. கீழே ஏதோ அடுக்கு நோய்ப்பட்டிருக்கிறது. அன்று அந்தக் கணக்கு இயந்திரம் நொடிக்கு அறுபது எழுத்துகள்கூடக் கேட்கவில்லை. எழுத்துக் காத்திருப்போ 40 மில்லிநொடி. நினைவகத்தைக் கூட்டி என்ன பயன்?

"ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் வேகமாகத்தான் போகிறது" என்று அங்கிருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னது உண்மைதான், வாதம்தான் தவறு. மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு மூட்டை மிளகாய் கொண்டுவந்தால் இயந்திரம் நிற்காமல் அரைத்துத் தள்ளும். ஐம்பது பேர் கால் கிலோ வீதம் மிளகாய், மல்லி, கம்பு, மஞ்சள் என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தால், அரைப்பதைவிடத் துடைத்துச் சல்லடை மாற்றுவதற்கே பொழுது போய்விடும். தொடர்ச்சியாக எழுதினால் நொடிக்கு 150 எம்பிக்கு மேல் தரும் அதே தகடு, 4 கேபி துண்டுகளாகச் சிதறி எழுதினால் நொடிக்கு 80 துண்டு, அதாவது 320 கேபி மட்டுமே தரும். கோப்பு நகல் மூட்டை மிளகாய். கூலிச் சீட்டு கால் கிலோ கணக்கு. அதோடு, போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் ஒவ்வொரு சீட்டையும் 'தகட்டில் இறங்கிவிட்டது' என்ற உறுதி கிடைத்த பிறகே அடுத்ததற்கு விடும். ஒரு சீட்டைச் சேமிக்க அந்த மென்பொருள் பல சிறு பரிவர்த்தனைகளை வரிசையாக நடத்தியது. நூற்றைம்பது உறுதிமொழி, ஒவ்வொன்றுக்கும் நாற்பது மில்லிநொடி, ஆக ஆறு நொடி. கணக்கு பொருந்திவிட்டது.

இதுவரை பார்த்தது எல்லாம் கெஸ்டுக்குள், அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்குள். மெய்நிகர் இயந்திரம் தன் டிஸ்கை உண்மையான டிஸ்க் என்று நம்புகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனவே இரண்டு திரைகளை அருகருகே திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் கெஸ்ட், மற்றொன்றில் ஹோஸ்ட். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஐஓஸ்டாட் ஓடட்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கெஸ்டில் 40, ஹோஸ்டில் 2 என்றால் தாமதம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கெஸ்டில் 40, ஹோஸ்டிலும் ஏறக்குறைய 40 என்றால், நடு அடுக்குகளை விட்டுவிட்டு நேரே வன்பொருளுக்கும் அண்டை இயந்திரங்களுக்கும் போகலாம்.

பிராக்ஸ்மாக்ஸுக்குப் பதில் விஎம்வேர் பயன்படுத்துபவர்களுக்கு இந்த ஒப்பீட்டை இஎஸ்எக்ஸ்டாப் என்ற கருவி தயாராகவே வைத்திருக்கிறது. அதில் 'யூ' விசையை அழுத்தினால் டிஏவிஜி, கேஏவிஜி, ஜிஏவிஜி என்று மூன்று நிரல்கள் வரும். முதலாவது சேமிப்புக் கருவி எடுத்த நேரம், இரண்டாவது ஹைப்பர்வைசருக்குள் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளுக்குள்) கழிந்த நேரம், மூன்றாவது கெஸ்ட் உணரும் மொத்தம். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது. கேஏவிஜி பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 2 மில்லிநொடியைத் தாண்டி நிலைத்தால் உள்ளேயே வரிசை நீள்கிறது. டிஏவிஜி 20ஐத் தாண்டி நின்றால் கீழே பாருங்கள். கெஸ்டுக்குள் விண்டோஸ் இருந்தால் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ஒரு வாசிப்புக்கும் ஒரு எழுத்துக்கும் ஆகும் சராசரி நொடி என்ற அளவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே 0.040 என்று வந்தால் அது 40 மில்லிநொடி.

தாமதம் நடுவில் என்று தெரிந்தால் நான் பார்க்கும் முதல் இடம், கெஸ்டுக்கு டிஸ்க் எந்த வடிவில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது. பழைய கணினியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த இயந்திரங்கள் இன்னமும் ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்பு வடிவில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஐடிஇ ஒரே நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கையில் வைத்துக்கொள்ளும். கீழே என்விஎம்இ இருந்தாலும் ஒற்றையடிப் பாதைதான். மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே செய்த விர்ட்ஐஓ வடிவத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸ் என்றால், மாற்றுவதற்கு முன்பே விர்ட்ஐஓ இயக்கியை உள்ளே நிறுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீலத்திரையில் நிற்கும். மாற்றும் முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாவது இடம் ஸ்னாப்ஷாட், அதாவது இயந்திரத்தின் ஒரு நேரத்து நிலையைப் பதித்து வைப்பது. ஏதோ ஒரு மேம்படுத்தலுக்கு முன் பாதுகாப்புக்காக எடுத்து, மறந்துபோன ஸ்னாப்ஷாட்டுகள். அடுக்கடுக்காகக் கிடக்கும் கோப்புச் சங்கிலியில் ஒரு வாசிப்புக்கு மேலிருந்து கீழ்வரை தேடிப் போக வேண்டியிருக்கும். புதிய எழுத்து ஒவ்வொன்றும் வித்தியாசக் கோப்பை வளர்த்துக்கொண்டே போகும். விஎம்வேர் நிறுவனமே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்கிறது. ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நம்பி வருடக் கணக்கில் வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வதும் அதுதான். ஆனால் பழைய பெரிய ஸ்னாப்ஷாட்டை வேலை நேரத்தில் நீக்காதீர்கள். சேர்ந்த மாற்றங்களை எல்லாம் மூலக் கோப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அந்த நேரத்து டிஸ்கை முழுவதுமாக விழுங்கிவிடும்.

பிறகு வேக வரம்பு. முன்பு நிர்வகித்தவர் 'இந்த இயந்திரம் மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது' என்று நொடிக்கு இத்தனை கோரிக்கை என வரம்பு போட்டிருக்கலாம். கெஸ்டுக்குள்ளிருந்து இது தெரியாது. கெஸ்டின் கோரிக்கை எண்ணிக்கை 200, 300 என்று ஒரே முழு எண்ணில் தட்டையாக நிற்பதைக் கண்டால் உடனே அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். பிராக்ஸ்மாக்ஸில் க்யூஎம் கான்ஃபிக் கட்டளையும் மற்ற கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க அமைப்பு) சர்வர்களில் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் கட்டளையும் ஒரே பார்வையில் டிஸ்க் வடிவம், கேஷ் முறை, வரம்பு எல்லாவற்றையும் காட்டும்.

கேஷ் முறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் இயந்திரங்களை ஓட்டும் க்யூஇஎம்யூவில் நன், ரைட்பேக், ரைட்த்ரூ, டைரக்ட்சிங்க், அன்சேஃப் என்று ஐந்து முறைகள் உண்டு. நன் என்றால் ஹோஸ்டின் பக்கக் கேஷைத் தவிர்த்துவிட்டு நேரே கருவிக்குப் போகும். பிராக்ஸ்மாக்ஸின் இயல்பு அதுதான், பெரும்பாலான இடங்களுக்கு அதுவே சரி. ரைட்பேக் ஹோஸ்டின் நினைவகத்தைப் பயன்படுத்தும். ஆனால் கெஸ்ட் 'இறக்கு' என்று சொன்னால் இறக்கிவிடும். அன்சேஃப் முறை அந்தச் சொல்லையே காதில் வாங்காது. வேகம் திகைக்க வைக்கும். மின்சாரம் போன அன்று கோப்பு முறைமையே சிதைந்து கிடக்கும். நிறுவல் சோதனைக்கும் தூக்கி எறியப் போகும் இயந்திரத்துக்கும் தவிர அதை யாருக்கும் போடாதீர்கள். "அன்சேஃப் போட்டேன், பிரச்சினை தீர்ந்தது" என்று பெருமையாகச் சொல்பவரிடமிருந்து உங்கள் சர்வரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அவர் தீர்த்தது தாமதத்தை அல்ல, உறுதிமொழியை.

பகிர்வின், அதாவது டிஸ்கைப் பிரித்த பகுதியின், தொடக்கம் சரியான எல்லையில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். விண்டோஸ் சர்வர் 2003 காலத்துப் பகிர்வுகள் 63ஆவது செக்டரில் (டிஸ்கை அளக்கும் சிறு துண்டு) தொடங்கும். இன்றைய கருவிகள் 2048இல் தொடங்குகின்றன. 63 என்றால் ஒரு 4 கேபி எழுத்து கீழே இரண்டு கட்டங்களில் விழுந்து இரட்டை வேலை ஆகிறது. புதிய சர்வர்களில் இது வருவதில்லை.

இனி அண்டை வீட்டார். ஆறு இயந்திரங்களும் ஒரே தகடுகளைப் பகிர்கின்றன. ஹோஸ்டில் ஐஓடாப் ஓடவிட்டால் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் ஒரு கேவிஎம் செயல்முறையாகத் தெரியும். யார் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதை அங்கே பிடிக்கலாம். நேரத்தை வைத்தும் பிடிக்கலாம். எல்லா இயந்திரங்களின் வைரஸ் சோதனையும் பகல் ஒரு மணிக்கு, எல்லாப் பேக்கப்பும் இரவு பன்னிரண்டுக்கு என்று அமைத்திருப்பார்கள். தனித்தனியாக ஒவ்வொன்றும் நியாயம், சேர்ந்தால் நெரிசல். டெபியன் லினக்ஸில் கார்டு இல்லாமல் மென்பொருள் ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மாதத்தின் முதல் ஞாயிறு இரவு 12:57க்கு ரெய்டு முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கும் வேலை தானாகத் தொடங்கும்படி பல பதிப்புகளில் அமைந்திருக்கிறது. பெரிய டிஸ்க் என்றால் பகல்வரை ஓடும். ப்ராக்கின் கீழ் எம்டிஸ்டாட் கோப்பைப் பார்த்தால் ஓடுவது தெரியும். அதை நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல வேலை. அதிகபட்ச வேகத்தைக் குறைத்து விடுங்கள், போதும்.

பழைய கணக்கு வேண்டுமென்றால் சிஸ்ஸ்டாட்டின் சேகரிப்பை இயக்கி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளும். சார் கட்டளையில் 'டி' விருப்பத்தோடு நேற்று மாலை நான்கரை மணியை மறுபடியும் பார்க்கலாம். டெபியனில் நிறுவியதும் இது தானாக ஓடாத பதிப்புகள் உண்டு. இயல்பமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும்.

திருப்பூரில் ஹோஸ்டிலும் எழுத்துக் காத்திருப்பு 38. வாசிப்பு 9. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் எனக்குக் கார்டின் மேல் சந்தேகம் வந்தது. தகடு நோய்ப்பட்டிருந்தால் வாசிப்பும் சேர்ந்து கெடும். எழுத்து மட்டும் கெட்டால், எழுத்துக்கு மட்டும் உதவிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கைவிட்டிருக்கிறது. ரெய்டு கார்டில் இருக்கும் நினைவகம்தான் அந்த உதவி. எழுத்து அந்த நினைவகத்தில் விழுந்ததுமே கார்டு 'முடிந்தது' என்று சொல்லிவிடும். தகட்டில் பிறகு நிதானமாக இறக்கும். இப்படிச் சொல்லும் உரிமை அதற்கு ஒரு பேட்டரியால்தான் வருகிறது. மின்சாரம் போனாலும் நினைவகத்தில் உள்ளதை அது காக்கும். பேட்டரி செத்தால் கார்டு அந்த உரிமையைத் தானே துறந்து, ஒவ்வொரு எழுத்தையும் தகட்டில் இறக்கிய பிறகே பதில் சொல்லும் ரைட்த்ரூ முறைக்கு மாறிவிடும். நேர்மையான நடத்தை. ஆனால் யாருக்கும் சொல்லாமல் செய்துவிடும்.

கார்டின் மேலாண்மைக் கருவியில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று இயல்பாக அமைத்த கேஷ் கொள்கை, மற்றொன்று நடப்பில் உள்ள கேஷ் கொள்கை. அமைத்தது ரைட்பேக், நடப்பு ரைட்த்ரூ என்று இரண்டும் வேறுபட்டால் விடை கிடைத்துவிட்டது. அங்கே அப்படித்தான் இருந்தது. பேட்டரி நிலை என்ற வரியில் 'மாற்ற வேண்டும்' என்று எழுதி எத்தனை மாதமாகக் காத்திருந்ததோ தெரியாது. எச்சரிக்கை மின்னஞ்சலை யாரும் அமைத்து வைக்கவில்லை. சில பேட்டரிகள் அவ்வப்போது தன்னைத்தானே வெறுமையாக்கிச் சோதித்துக்கொள்ளும். அந்தச் சில மணி நேரமும் ரைட்த்ரூதான். மாதக் கணக்கில் ஒருமுறை, காரணமே தெரியாமல் வந்து போகும் தாமதத்துக்கு இதையும் சந்தேகியுங்கள்.

கார்டு நலமாக இருந்தால் டிஸ்குகளைப் பாருங்கள். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை தரும் பட்டியலில் 5, 197, 198, 199 ஆகிய எண்களை மட்டும் முதலில் படியுங்கள். 5 மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இது பூஜ்யமல்ல என்றால் அந்த டிஸ்க் ஒவ்வொரு மோசமான இடத்திலும் பல நொடி முயன்றுகொண்டு மொத்த ரெய்டையும் தன்னோடு நிறுத்திவைக்கும். 199 உயர்ந்துகொண்டே போனால் டிஸ்கை வாங்குவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரெய்டில் ஒரு டிஸ்கின் காத்திருப்பு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு என்றால், எந்தப் பிழையும் காட்டாவிட்டாலும் அதை மாற்றிவிடுவது என் வழக்கம்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பொறிகள். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டியில் மின்வெட்டுக் காப்புக்கான மின்தேக்கிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் 'இறக்கு' கட்டளை வரும்போதெல்லாம் அது உண்மையாகவே இறக்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தோடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. சர்வர் வகையில் அந்தக் காப்பு இருப்பதால் உடனே பதில் சொல்ல முடிகிறது. இரண்டாவது பொறி, அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்காமல் விடுவது. கெஸ்டுக்குள் அதைத் தெரிவிக்கும் எஃப்எஸ்டிரிம் கட்டளை ஓடினாலும், ஹைப்பர்வைசரின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டு என்ற விருப்பம் இயங்காவிட்டால் செய்தி நடுவிலேயே நின்றுவிடும்.

சோதனை ஓட்டம் பற்றி. டிடி கட்டளையால் பூஜ்யங்களை எழுதி 'நொடிக்கு ஒரு ஜிபி' என்று மகிழ்பவர்கள் அளப்பது தங்கள் நினைவகத்தை. டிஸ்க் சோதனைக்கான எஃப்ஐஓ கருவியைப் பயன்படுத்துங்கள். 4 கேபி அளவு, சிதறிய எழுத்து, டைரக்ட் 1, எஃப்சிங்க் 1, அறுபது நொடி. இது தரவுத்தளத்தின் துன்பத்தை அப்படியே நடித்துக் காட்டும். இலக்காக ஒரு தனிக் கோப்பைக் கொடுங்கள். டிஸ்கின் கருவிப் பெயரை ஒருபோதும் கொடுக்காதீர்கள், அதில் உள்ள எல்லாவற்றின் மேலும் எழுதிவிடும். வேலை நேரத்தில் ஓட்ட வேண்டியிருந்தால் எஃப்ஐஓ வேண்டாம். ஐஓபிங் என்ற கருவி டிஸ்கைப் பத்து முறை தட்டித் தாமதத்தைப் பார்க்கும், யாருக்கும் வலிக்காது.

கிளவுடில் இருப்பவர்களுக்கு ஹோஸ்டின் கதவு திறக்காது. அங்கே படிக்க வேண்டியது விலைப்பட்டியல். அமேசானின் ஜிபி2 வகை டிஸ்க் ஒரு ஜிபிக்கு நொடிக்கு 3 கோரிக்கை என்ற கணக்கில் தருகிறது. 100 ஜிபி வாங்கினால் 300. சேர்த்து வைத்த வரவு இருக்கும்வரை 3000 வரை போகும், தீர்ந்ததும் 300க்கு விழும். காலையில் வேகம், மதியத்துக்கு மேல் நத்தை என்ற புகாரின் காரணம் பல நேரம் இதுதான். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 அளவு எதுவானாலும் 3000இலிருந்து தொடங்குகிறது, மாற்றிவிடுங்கள்.

திருப்பூருக்குத் திரும்புகிறேன். பேட்டரி கோயம்புத்தூரில் அன்றைக்குக் கிடைக்கவில்லை. "பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்பேக்கில் வை என்று கார்டைக் கட்டாயப்படுத்த வழி இருக்கிறதாமே, யூபிஎஸ்தான் இருக்கிறதே" என்று நிறுவனத்தில் கேட்டார்கள். வழி இருக்கிறது. நான் செய்யவில்லை. யூபிஎஸ் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் காக்கும். சர்வருக்குள் பவர் சப்ளை எரிந்தாலோ யாராவது வயரை இடறினாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட் அமைப்பை அணைத்து வைப்பது அவ்வளவு ஆபத்தானதல்ல. தரவு சிதையாது, கடைசிச் சில பரிவர்த்தனைகள் மட்டும் போகலாம். எஃப்சிங்க் அமைப்பை அணைப்பதோ தரவுத்தளத்தையே சிதைக்கக்கூடியது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்தக் கடைசிச் சில பரிவர்த்தனை என்பது ஒருவருக்குக் கொடுத்த கூலி. பணம் கை மாறிய பிறகு கணக்கில் இல்லை என்றால், சந்தேகம் யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதையும் தொடவில்லை.

பதிலாக அண்டை வீட்டாரை அமைதிப்படுத்தினேன். வருகைப் பதிவு இயந்திரத்தின் வார அறிக்கை அதே நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஞாயிறுக்குத் தள்ளினேன். சோதனை இயந்திரத்தை அணைத்தேன். கோப்புப் பகிர்வு இயந்திரத்துக்கு நொடிக்கு முப்பது எழுத்து என்று வரம்பு போட்டேன். காத்திருப்பு 14க்கு வந்தது, சீட்டுக்கு இரண்டு நொடி. மணி ஏழுக்குள் கடைசி ஆளும் கூலி வாங்கிக்கொண்டு போனார். புதன்கிழமை பேட்டரி வந்தது. மாட்டி, சார்ஜ் ஏறியதும் கொள்கை தானாக ரைட்பேக்குக்குத் திரும்பியது. எழுத்துக் காத்திருப்பு 0.6. கோப்புப் பகிர்வின் வரம்பை மறக்காமல் எடுத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதில் தலையை முட்டிக்கொள்ளக் கூடாது.

இப்போது அந்த ஹோஸ்டில் ஒரு சிறு புரோகிராம் தினமும் காலை ஆறு மணிக்குப் பேட்டரி நிலையையும் நடப்புக் கேஷ் கொள்கையையும் படித்து, அமைத்ததிலிருந்து மாறியிருந்தால் எனக்கும் பெரியவருக்கும் குறுஞ்செய்தி அனுப்புகிறது. மாதம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்கே, ஐஓபிங் எண்ணையும் கெஸ்ட், ஹோஸ்ட் இரண்டின் காத்திருப்பையும் எடுத்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். உங்கள் சர்வர் இன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த நோட்டின் முதல் வரியை எழுத வேண்டிய நாள் இன்றுதான்.